குடல் பாக்டீரியாவும் கால்விரல் எரிச்சலும்



புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற ஒருவர் உங்கள் குடும்பத்திலோ பக்கத்து வீட்டிலோ இருக்கலாம். அந்தச் சிகிச்சையால் முடி உதிரும், வாந்தி வரும், உடல் சோர்ந்துபோகும் என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதே சிகிச்சையால் வரும் இன்னொரு தொல்லையைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. விரல் நுனிகள் மரத்துப் போகும். தோட்டின் திருகாணியைத் திருக முடியாது. சட்டைப் பொத்தான் கைக்கு அகப்படாது. செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் நடந்து போவார்கள். இரவில் படுத்தால் உள்ளங்கால் எரியும்.

இப்படி அவதிப்படுபவரைப் பார்க்க வரும் உறவினர்கள் வெறுங்கையுடன் வருவதில்லை. ஒருவர் நல்ல பாக்டீரியா அடங்கிய புளித்த பால் பானம் வாங்கி வருவார். இன்னொருவர் புரோபயாடிக் மாத்திரைப் புட்டியைக் கொடுப்பார். "குடல் சரியானால் நரம்பும் சரியாகிவிடும்" என்று கைப்பேசியில் வந்த செய்தியையும் காட்டுவார்.

இதில் எவ்வளவு உண்மை? குடல் பாக்டீரியாவுக்கும் நரம்பு வலிக்கும் தொடர்பு உண்டு என்பதை விலங்குகள் மீதான சோதனைகள் நன்றாகவே காட்டியிருக்கின்றன. ஆனால், "புரோபயாடிக் குடித்தால் வலி போய்விடும்" என்பது வேறொரு கூற்று. முதல் கூற்று உண்மை என்பதாலேயே இரண்டாவதும் உண்மையாகிவிடாது. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி எவ்வளவு பெரியது என்பதைத்தான் இந்த வாரம் படிப்படியாகப் பார்க்கப் போகிறோம்.

சிகிச்சை முடிந்தும் விடாத வலி

புற்றுநோய் உயிரணுக்களை மருந்து கொடுத்து அழிக்கும் முறைக்குக் கீமோதெரப்பி என்று பெயர். இந்த மருந்துகளில் சில, மூளைக்கும் தண்டுவடத்துக்கும் வெளியே உள்ள நரம்புகளைப் பாதிக்கின்றன. இந்தப் பாதிப்பு பெரும்பாலும் கால்விரல்களிலும் கைவிரல்களிலும்தான் தொடங்கும். பிறகு காலுறையும் கையுறையும் அணிந்தால் எந்தப் பகுதி மறையுமோ, அந்தப் பகுதி முழுவதும் பரவும். மரத்துப் போதல், ஊசி குத்துவது போன்ற உணர்வு, எரிச்சல் ஆகியவை இதன் அறிகுறிகள். ஆக்சாலிபிளாட்டின் என்ற மருந்தைப் பெறுபவர்களுக்குக் குளிர்ச்சியே பகையாகிவிடும். குளிர்சாதனப் பெட்டியில் கை விட்டாலும், ஒரு வாய் ஐஸ் கச்சாங் சாப்பிட்டாலும், கையிலோ தொண்டையிலோ ஊசி குத்துவது போல இருக்கும்.

இது எத்தனை பேருக்கு வருகிறது? 31 ஆய்வுகளில் இடம்பெற்ற 4,179 நோயாளிகளின் விவரங்களை 2014-இல் ஆய்வாளர்கள் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். சிகிச்சை முடிந்த முதல் மாதத்தில் 100 பேரில் ஏறத்தாழ 68 பேருக்கு இந்தப் பாதிப்பு இருந்தது. மூன்றாம் மாதத்தில் அது 60 ஆனது. ஆறு மாதத்திலும் அதற்குப் பிறகும் 30 பேருக்கு அது நீடித்தது. பெரும்பாலோருக்குக் காலப்போக்கில் குறைகிறது. ஆனால் சிலருக்கு ஆண்டுக்கணக்கில் தொடர்கிறது.

வலி பொறுக்க முடியாத அளவுக்குப் போனால் மருத்துவர் மருந்தின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும்; சில சமயம் அந்த மருந்தையே நிறுத்த வேண்டியிருக்கும். அதாவது, புற்றுநோயை அழிக்கும் ஆயுதத்தையே பாதியில் கீழே வைக்க நேர்கிறது. கால்விரல் எரிச்சலைச் சின்ன விஷயம் என்று ஒதுக்க முடியாததற்கு இதுவே காரணம்.

ஒரு பூச்செடி, ஒரு மரப்பட்டை, ஓர் உலோகம்

நரம்பைப் பாதிக்கும் மூன்று மருந்துகள் எங்கிருந்து வந்தன என்று பாருங்கள்.

நம் ஊர் வீட்டு வாசல்களில் இளஞ்சிவப்பும் வெள்ளையுமாகப் பூக்கும் நித்தியகல்யாணிச் செடி உங்களுக்குத் தெரியும். மலாய்மொழியில் அதைக் கெமுந்திங் சீனா என்பார்கள். அதன் சொந்த ஊர் மடகாஸ்கர் தீவு. சிறுவர்களுக்கு வரும் இரத்தப் புற்றுநோய்க்குப் பயன்படும் வின்கிறிஸ்டின் என்ற மருந்து இந்தச் செடியிலிருந்துதான் பிரித்தெடுக்கப்பட்டது. செடியையே பறித்துக் கஷாயம் வைத்துக் குடித்துவிடாதீர்கள். அது நச்சுத்தன்மை கொண்டது.

இரண்டாவது, பாக்லிடாக்செல். வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் வளரும் பசிபிக் யூ மரத்தின் பட்டையிலிருந்து வந்தது. மன்றோ வால், மன்சுக் வாணி ஆகிய இருவரும் இதன் வேதி அமைப்பை 1971-இல் வெளியிட்டார்கள். மன்சுக் வாணி இந்தியாவில் பிறந்த வேதியியலாளர். இது இன்று மார்பகப் புற்றுநோய்க்கும் கருப்பைக்கு அருகிலுள்ள சூலகங்களில் வரும் புற்றுநோய்க்கும் கொடுக்கப்படுகிறது.

மூன்றாவது வகை, பிளாட்டினம் என்ற உலோகத்தைக் கொண்ட மருந்துகள். இவற்றின் கதையிலேயே பாக்டீரியா வந்துவிடுகிறது. மின்புலம் பாக்டீரியாவை என்ன செய்யும் என்று அறிய பார்னெட் ரோசன்பெர்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் எ.கோலை பாக்டீரியா வளர்ந்த கரைசலில் பிளாட்டின மின்முனைகளை வைத்தார். பாக்டீரியா இரண்டாகப் பிரிவதை நிறுத்திவிட்டு நூல்போல நீண்டுகொண்டே போயின. அதற்குக் காரணம் மின்சாரம் அல்ல, மின்முனையிலிருந்து கரைந்த பிளாட்டினச் சேர்மமே என்று பிறகு தெரிந்தது. 1965-இல் வெளியான இந்தக் கண்டுபிடிப்பிலிருந்து சிஸ்பிளாட்டின் பிறந்தது. பெருங்குடல் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படும் ஆக்சாலிபிளாட்டின் அதே குடும்பத்தைச் சேர்ந்தது.

ஒரு மீட்டர் நீள உயிரணு

புற்றுநோய் உயிரணு வேகமாகப் பிரிந்து பெருகுகிறது. அதைத் தடுக்கும் மருந்து, பிரியவே பிரியாத நரம்பணுவை ஏன் தாக்குகிறது? இதுதான் முதல் புதிர்.

உயிரணுவுக்குள் நுண்குழல்கள் என்ற மெல்லிய குழாய்கள் உண்டு. உயிரணு பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்கும் கதிர்கோல் இழைகள் இந்த நுண்குழல்களால் ஆனவை. வின்கிறிஸ்டின் அவற்றைக் கட்ட விடாது. பாக்லிடாக்செல் கட்டியவற்றைக் கலைய விடாது. எப்படியானாலும் உயிரணு பிரிய முடியாமல் மாட்டிக்கொள்கிறது.

நரம்பணுவுக்கு அதே நுண்குழல்கள் தண்டவாளம்போலப் பயன்படுகின்றன. காலின் தொடு உணர்வையும் வலியையும் கொண்டு செல்லும் நரம்பணுவின் உடல், கீழ்முதுகில் தண்டுவடத்தை ஒட்டிய நரம்பு முடிச்சில் இருக்கிறது. அங்கிருந்து அதன் இழை, அதாவது ஆக்சான், கால்விரல் வரை நீள்கிறது. உயரமானவருக்கு இந்த நீளம் ஏறத்தாழ 1 மீட்டர். விரல் நுனிக்குத் தேவையான புரதங்கள் பலவும் முடிச்சில் தயாராகித் தண்டவாளத்தில் ஏறித்தான் போக வேண்டும். அந்தப் போக்குவரத்தின் வேகமான பிரிவே நாளொன்றுக்கு ஏறத்தாழ 400 மில்லிமீட்டர் செல்கிறது. கணக்குப் போடுங்கள்: 1,000-ஐ 400-ஆல் வகுத்தால் 2.5. முதுகிலிருந்து கால்விரலுக்குச் சரக்கு போய்ச் சேர இரண்டரை நாள்! தண்டவாளம் பழுதானால் கடைசி நிலையத்துக்குத்தான் முதலில் தட்டுப்பாடு வரும். பாதிப்பு கால்விரலில் தொடங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பிளாட்டின மருந்துகள் நரம்பணுவின் டி.என்.ஏ-வைத் தாக்குகின்றன. மூளைக்குள் மருந்து எளிதில் புகாதபடி இரத்தக் குழாய்களில் வலுவான தடுப்பு உண்டு. முதுகிலுள்ள நரம்பு முடிச்சுகளுக்கு அவ்வளவு வலுவான தடுப்பு இல்லை. அதனால் மருந்து அங்கே எளிதாகச் சேர்ந்துவிடுகிறது.

இதுவரை சொன்னதில் குடலே வரவில்லை. மருந்து, நரம்பு என்ற இரண்டை மட்டும் வைத்தே எல்லாவற்றையும் விளக்கிவிடலாம் என்றுதான் நீண்ட காலம் நினைத்தார்கள். ஆனால் ஒரு கேள்வி மிஞ்சி நின்றது. ஒரே மருந்தை ஒரே அளவில் பெற்ற இருவரில் ஒருவர் வலியால் துடிக்கிறார். மற்றவருக்கு ஒன்றுமே ஆவதில்லை. ஏன்?

குடலில் வாழும் கூட்டம்

உங்கள் உடலில் எத்தனை பாக்டீரியா இருக்கின்றன? மனித உயிரணுக்களைப் போலப் பத்து மடங்கு என்று பல நூல்களில் படித்திருப்பீர்கள். இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிலையத்தினர் 2016-இல் அந்தக் கணக்கைத் திருத்தினார்கள். 70 கிலோகிராம் எடையுள்ள ஓர் ஆடவரின் உடலில் ஏறத்தாழ 38 டிரில்லியன் பாக்டீரியா உள்ளன; மனித உயிரணுக்களோ ஏறத்தாழ 30 டிரில்லியன். எண்ணிக்கையில் கிட்டத்தட்டச் சமம்தான். பாக்டீரியாவின் மொத்த எடை சுமார் 200 கிராம். அவற்றில் மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில் வாழ்கின்றன.

நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்தை இவை உடைக்கின்றன. சில வைட்டமின்களைத் தயாரிக்கின்றன. நோய் எதிர்ப்புச் சக்தி சரியாக வளரவும் துணைபுரிகின்றன. இந்தக் கூட்டத்துக்கும் நம் இரத்தத்துக்கும் இடையே இருப்பது குடலின் உள்சுவர். அது ஒரே ஒரு வரிசை உயிரணுக்களால் ஆன மெல்லிய சுவர். மேலே சளிப் படலம் பூசியிருக்கும். அந்த உயிரணுக்கள் ஏறத்தாழ 3 முதல் 5 நாள்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகின்றன.

வேகமாகப் பிரியும் உயிரணுக்களைத்தான் கீமோதெரப்பி தாக்குகிறது என்று பார்த்தோம். குடல் சுவரும் வேகமாகப் பிரிவதால் அதுவும் அடி வாங்குகிறது. வயிற்றுப்போக்கும் வாய்ப்புண்ணும் வருவது இதனால்தான். சுவரில் கசிவு ஏற்பட்டால், உள்ளே இருக்க வேண்டிய பாக்டீரியாவின் துணுக்குகள் இரத்தத்தில் கலக்கும். இந்த இடத்தில்தான் குடலின் கதையும் நரம்பின் கதையும் சந்திக்கின்றன.

முதல் சோதனை: பாக்டீரியா இல்லாத சுண்டெலி

பாஸ்டன் நகரிலுள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் ஆய்வாளர்கள் 2017-இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். அவர்கள் சுண்டெலிகளுக்கு ஆக்சாலிபிளாட்டின் கொடுத்தார்கள். எலிக்கு வலிக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வெவ்வேறு தடிமனுள்ள மெல்லிய நைலான் இழைகளால் அதன் பாதத்தை அழுத்துவார்கள். சாதாரண எலி பொருட்படுத்தாத மெல்லிய இழைக்கே ஓர் எலி காலை இழுத்துக்கொண்டால், அதன் நரம்பு அளவுக்கு மீறிக் கூர்மையாகிவிட்டது என்று பொருள்.

எதிர்பார்த்தபடியே, சாதாரண எலிகள் மருந்துக்குப் பிறகு மெல்லிய இழைக்கும் காலை இழுத்தன. முன்கூட்டியே ஆன்டிபயாடிக் கொடுத்துக் குடல் பாக்டீரியாவைக் குறைத்த எலிகளுக்கு இந்தக் கூர்மை குறைவாகவே இருந்தது.

இங்கே நீங்கள் ஒரு கேள்வி கேட்க வேண்டும். ஆன்டிபயாடிக் மருந்தே நேராக நரம்பில் ஏதாவது செய்து வலியைக் குறைத்திருக்கலாம் அல்லவா? ஆய்வாளர்களும் அப்படிக் கேட்டார்கள். அதனால் மூடிய கூண்டில், கிருமி நீக்கிய உணவும் காற்றும் கொடுத்து வளர்த்த எலிகளைக் கொண்டும் சோதித்தார்கள். இவற்றின் உடலில் பிறந்தது முதலே பாக்டீரியா கிடையாது. ஆன்டிபயாடிக் தேவைப்படாத இந்த எலிகளுக்கும் வலி குறைவாகவே இருந்தது. பிறகு இவற்றின் குடலில் பாக்டீரியாவைக் குடியேற்றினார்கள். பாதுகாப்பு போய்விட்டது, வலி வந்தது.

எடுத்தால் குறைகிறது, வைத்தால் வருகிறது. இரண்டும் ஒன்றாக நடப்பதை ஓர் எதேச்சையான ஒற்றுமை என்று தள்ளிவிட முடியாதபடி செய்தது இந்த இரட்டைச் சோதனைதான்.

இரண்டாவது சோதனை: இடம் மாறிய பாக்டீரியா

2019-இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பாக்லிடாக்செல் கொடுத்தால் ஒரு வகைச் சுண்டெலிக்குக் கடுமையான வலி வரும்; இன்னொரு வகைச் சுண்டெலிக்கு வராது. மரபணு வேறுபாடுதான் காரணம் என்று யாரும் நினைப்பார்கள். ஆய்வாளர்கள் இரு வகை எலிகளின் குடல் பாக்டீரியாவையும் மாற்றி வைத்துப் பார்த்தார்கள். எலியின் மரபணு எதுவும் மாறவில்லை. குடலில் இருந்த கூட்டம் மட்டும் மாறியது. அதனுடன் சேர்ந்து வலி வரும் தன்மையும் வராத தன்மையும் இடம் மாறின.

தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்குத் தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி ஆகியவை நினைவிருக்கும். இந்தச் சோதனையில் தற்சார்பு மாறி, பாக்டீரியா எந்த வகை எலியிடமிருந்து வந்தது என்பது. சார்பு மாறி, பாதத்தின் வலி உணர்வு. மருந்தும் எலியின் வகையும் கட்டுப்படுத்தப்பட்டவை. ஆறாம் ஆண்டில் நீங்கள் அவரை விதையை வைத்துச் செய்த அதே முறைதான் இங்கும் வேலை செய்கிறது.

பாக்லிடாக்செல் பெற்ற எலிகளில் அக்கர்மான்சியா மியூசினிஃபிலா என்ற பாக்டீரியா குறைந்திருந்ததையும் அவர்கள் கண்டார்கள். குடலின் சளிப் படலத்தில் வாழ்வது இது. பெயரின் பொருளே சளியை விரும்புவது என்பதுதான். இது குறைந்தால் குடல் சுவரின் காவல் தளரக்கூடும் என்று அவர்கள் கருதினார்கள்.

செய்தி குடலிலிருந்து நரம்புக்கு எப்படிப் போகிறது?

சில பாக்டீரியாவின் வெளிச்சுவரில் லிப்போபாலிசாக்கரைடு என்ற பொருள் உண்டு. இது இரத்தத்தில் தென்பட்டால், பாக்டீரியா உள்ளே புகுந்துவிட்டது என்று நோய் எதிர்ப்பு உயிரணுக்கள் முடிவு செய்யும். அவற்றின் மேற்பரப்பிலுள்ள டி.எல்.ஆர் 4 என்ற ஏற்பி இதைக் கண்டுபிடிக்கும் கருவி. ஏற்பி தூண்டப்பட்டால் அந்த உயிரணுக்கள் அழற்சியை உண்டாக்கும் பொருள்களைச் சுரக்கின்றன.

கீமோதெரப்பியால் ஏற்கெனவே காயப்பட்ட நரம்பு முடிச்சின் அருகே இந்த அழற்சிப் பொருள்கள் சேர்ந்தால், நரம்பணு சின்னத் தொடுதலுக்கும் பெரிய வலிச் செய்தியை அனுப்பும். மேலே சொன்ன பாஸ்டன் ஆய்வு, நோய் எதிர்ப்பு உயிரணுக்களில் உள்ள இந்த ஏற்பி வலிக்கு ஓரளவு காரணம் என்று காட்டியது. "ஓரளவு" என்ற சொல்லைக் கவனியுங்கள். மருந்து நரம்பை நேராகத் தாக்குவதும் உண்மை. பாக்டீரியா எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுவதும் உண்மை.

அப்படியானால் பாக்டீரியாவை அழித்துவிடலாமா?

இவ்வளவும் படித்த ஒரு மாணவர், "கீமோதெரப்பிக்கு முன்னால் எல்லோருக்கும் ஆன்டிபயாடிக் கொடுத்துவிட்டால் வலியே வராதே!" என்று சொல்லலாம். நல்ல யோசனை போலத்தான் தெரிகிறது. ஆனால் 2013-இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்தின் ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவைப் பாருங்கள்.

அவர்கள் புற்றுக்கட்டி உள்ள சுண்டெலிகளுக்கு ஆக்சாலிபிளாட்டின் கொடுத்தார்கள். குடல் பாக்டீரியா உள்ள எலிகளில் மருந்து கட்டியை நன்றாகச் சுருக்கியது. ஆன்டிபயாடிக் கொடுத்த எலிகளிலும் பாக்டீரியாவே இல்லாத எலிகளிலும் மருந்து சரியாக வேலை செய்யவில்லை. கட்டிக்குள் இருக்கும் நோய் எதிர்ப்பு உயிரணுக்களை மருந்துக்குத் துணையாக வேலை செய்யத் தயார்ப்படுத்துவது குடல் பாக்டீரியாதான் என்று தெரிந்தது.

அதே மருந்து, அதே பாக்டீரியாக் கூட்டம். ஒரு பக்கம் வலியைக் கூட்டுகிறது. மறுபக்கம் புற்றை அழிக்கக் கைகொடுக்கிறது. வலியைக் குறைக்கப் போய் உயிருக்கே உலை வைத்துவிடக் கூடாது. "நல்ல பாக்டீரியா, கெட்ட பாக்டீரியா" என்று விளம்பரம் பிரிப்பதுபோல உடல் பிரிப்பதில்லை.

சரி, நல்லதைச் சேர்த்தால்?

அழிக்க வேண்டாம், சேர்ப்போம் என்பது அடுத்த யோசனை. அதுதான் புரோபயாடிக். பாரிஸ் பாஸ்டர் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய, 1908-இல் நோபெல் பரிசு பெற்ற எலி மெச்னிகோவ், புளித்த பாலிலுள்ள பாக்டீரியா முதுமையைத் தள்ளிப்போடும் என்று நம்பினார். ஜப்பானிய மருத்துவர் மினோரு ஷிரோத்தா 1930-இல் வளர்த்தெடுத்த பாக்டீரியாவே, 1935 முதல் யாகுல்ட் என்ற பெயரில் விற்கப்படும் சிறு புட்டிகளில் இருக்கிறது. போதிய அளவில் உட்கொண்டால் உடல்நலத்துக்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிர்கள் என்பதே புரோபயாடிக்கின் இலக்கணம். இதில் மூன்று நிபந்தனைகள் உள்ளன: உயிரோடு இருக்க வேண்டும், போதிய அளவு இருக்க வேண்டும், நன்மை நிரூபிக்கப்பட்டிருக்க வேண்டும்.

மூன்றாவது நிபந்தனைதான் கடினமானது. ஏனெனில் ஒரே இன பாக்டீரியாவின் ஓர் உள்வகை செய்வதை இன்னோர் உள்வகை செய்யாது. எ.கோலையையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நிசில் 1917 என்ற உள்வகை புரோபயாடிக்காகப் பயன்படுகிறது. ஓ157 என்ற உள்வகை இரத்த வயிற்றுப்போக்கை உண்டாக்கி உயிரையே பறிக்கக்கூடும். எனவே ஒரு புட்டி ஒரு நோய்க்கு உதவியது என்பதால் எல்லாப் புட்டிகளும் எல்லா நோய்க்கும் உதவும் என்று சொல்ல முடியாது.

நரம்பு வலிக்கு என்ன சான்று இருக்கிறது? இத்தாலிய ஆய்வாளர்கள் 2018-இல் ஆய்வகத்தில் வளர்த்த உணர்வு நரம்பணுக்களில் பாக்லிடாக்செல் இட்டுப் பார்த்தபோது, பல பாக்டீரியா அடங்கிய ஒரு புரோபயாடிக் கலவை பாதிப்பைக் குறைத்தது. இது நம்பிக்கை தரும் செய்தி. ஆனால் ஆய்வகத் தட்டில் குடல் இல்லை, புற்றுக்கட்டி இல்லை, நோய் எதிர்ப்பு உயிரணுக்களும் இல்லை. தட்டிலிருந்து எலிக்கும், எலியிலிருந்து மனிதருக்கும் போகும் ஒவ்வொரு படியிலும் முடிவு மாறக்கூடும்.

நல்லது என்று நினைத்தது கெடுத்த கதை

முடிவு மாறும் என்பது வெறும் பேச்சன்று. அசெட்டில்-எல்-கார்னிட்டின் என்ற சத்து மாத்திரை நரம்பைக் காக்கும் என்று ஆய்வகச் சோதனைகள் நம்பிக்கை ஊட்டின. மருந்துச் சீட்டு இல்லாமலேயே அமெரிக்கக் கடைகளில் கிடைக்கும் பொருள் அது. பாக்லிடாக்செல் வகை மருந்து பெற்ற 409 மார்பகப் புற்றுநோயாளிகளை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு இந்த மாத்திரையையும் மற்றதற்குப் போலி மாத்திரையையும் 24 வாரம் கொடுத்தார்கள். முடிவு 2013-இல் வெளிவந்தது. சத்து மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நரம்புப் பாதிப்பு குறையவில்லை, கூடியிருந்தது!

போலி மாத்திரைக் குழு இல்லாதிருந்தால் இது யாருக்கும் தெரிந்திருக்காது. பாதிப்பு கூடியவர்களும், "மாத்திரை சாப்பிட்டதால்தான் இந்த மட்டோடு போயிற்று" என்று நினைத்திருப்பார்கள்.

அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டி, இந்த நரம்புப் பாதிப்பைத் தடுக்க எந்த மருந்தையும் பரிந்துரைக்கவில்லை. வந்துவிட்ட வலியைத் தணிக்க டுலோக்செட்டின் என்ற ஒரே மருந்துக்குத்தான் போதிய சான்று இருப்பதாகக் கூறியது. அதுவும் மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே எடுக்க வேண்டிய மருந்து.

புரோபயாடிக்குக்கு இன்னொரு தடையும் உண்டு. கீமோதெரப்பி பெறுபவரின் இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்துபோகும் நாள்கள் உண்டு. குடல் சுவரும் அப்போது பலவீனமாக இருக்கும். ஆரோக்கியமானவருக்கு ஒன்றும் செய்யாத பாக்டீரியாவோ ஈஸ்ட்டோ அவருடைய இரத்தத்தில் புகுந்து தொற்றை உண்டாக்கலாம். அப்படி நேர்ந்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. உயிருள்ள நுண்ணுயிர்களை வாங்கிக் கொடுக்கிறோம் என்பதை மறக்கக் கூடாது.

நீங்கள் செய்யக்கூடியவை

இதையெல்லாம் படித்துவிட்டு, பால் புட்டியோடு வரும் மாமாவிடம் சண்டைக்குப் போக வேண்டாம். அன்போடு வாங்கி வைத்துக்கொண்டு, "டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுப்போம், மாமா" என்று சொன்னால் போதும். புட்டியின் படத்தைக் கைப்பேசியில் எடுத்து வைத்துக்கொண்டால், அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ காட்டலாம். வீட்டில் உறை ஊற்றிய தயிர் கொடுக்கலாமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

பாட்டியோ அத்தையோ, "வயசாகிவிட்டது, கை கால் மரக்கிறது" என்று சொல்லிவிட்டு விடுவார்கள். மருத்துவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று மறைப்பவர்களும் உண்டு. திருகாணி போட முடியவில்லை, செருப்பு கழல்கிறது, குளிர்ந்த நீர் குத்துகிறது என்று நீங்கள் கவனித்தவற்றைத் தேதியோடு ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ஆரம்பத்திலேயே தெரிந்தால் மருத்துவர் மருந்தின் அளவை உரிய நேரத்தில் மாற்ற முடியும்.

மரத்துப்போன காலுக்குச் சூடும் தெரியாது, காயமும் தெரியாது. வெந்நீரை அவர் தொடுவதற்கு முன் நீங்கள் முழங்கையால் தொட்டுப் பாருங்கள். நண்பகல் வெயிலில் கோயில் பிரகாரத்தைச் சுற்றும்போது அவருக்குக் காலுறை கொடுங்கள். இரவில் குளியலறைக்குப் போகும் வழியில் ஒரு சிறு விளக்கு எரியட்டும். வாரத்துக்கு ஒருமுறையாவது உள்ளங்காலில் புண் இருக்கிறதா என்று பாருங்கள். இவற்றுக்கு எந்தப் புட்டியும் தேவையில்லை.

குடல் பாக்டீரியாவை வைத்து இந்த வலியைத் தடுக்கும் ஒரு மருந்து ஒருநாள் வரலாம். அது வலியைக் குறைக்க வேண்டும். புற்றை அழிக்கும் வேலைக்கும் இடையூறாக இருக்கக் கூடாது. இரண்டையும் மனிதர்களிடம் சோதித்துக் காட்டும் வரை அதை நம்பிக்கை என்று சொல்லுங்கள். மருந்து என்று சொல்லாதீர்கள்.

சிந்தித்து விடை எழுதுக

1. பாஸ்டன் சோதனையில் ஆன்டிபயாடிக் கொடுத்த எலிகளை மட்டும் வைத்து முடிவு செய்திருந்தால் என்ன ஐயம் எழுந்திருக்கும்? பாக்டீரியா இல்லாத எலிகள் அந்த ஐயத்தை எப்படித் தீர்த்தன?

2. ஒரு குழந்தையின் கீழ்முதுகிலிருந்து கால்விரல் வரையிலான ஆக்சானின் நீளம் 60 சென்டிமீட்டர் எனக் கொள்க. நாளொன்றுக்கு 400 மில்லிமீட்டர் வேகத்தில் ஒரு புரதம் விரலை அடைய எத்தனை நாள் ஆகும்?

3. "என் பெரியம்மா தினமும் புரோபயாடிக் குடித்தார், ஆறு மாதத்தில் எரிச்சல் போய்விட்டது." இந்தக் கூற்றைச் சான்றாக ஏற்க முடியுமா? 2014-ஆம் ஆண்டுத் தொகுப்பின் எண்களைக் கொண்டு விளக்குக.

4. ஒரு புரோபயாடிக் நரம்பு வலியைக் குறைக்கிறதா என்று அறிய மனிதர்களிடம் ஓர் ஆய்வு நடத்த வேண்டும். தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள் இரண்டு ஆகியவற்றைக் குறிப்பிடுக. வலியைத் தவிர வேறு எதையும் கட்டாயம் அளக்க வேண்டும்? ஏன்?